அழுத்தக்காரனும் வாயாடியும்

கட்டுரையின் கடைசி வரியை முதலில் எழுதிவிட்டேன். "ஆகவே, திறந்த மூல டிரைவரே வீட்டுக்கு நல்லது." அதற்கு மேலே வர வேண்டிய சோதனைகள், அளவுகள், நியாயங்கள் எல்லாம் இனிமேல்தான் பிறக்க வேண்டும். இதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. கல்யாணத்திலும் அப்படித்தான் செய்தேன். முடிவை முதலில் எடுத்தேன். காரணங்களை இன்னமும் சேகரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கணினிப் பத்திரிகையில் நான் பத்தி எழுதுகிறேன். வீட்டு ரவுட்டர்களில் நிறுவன டிரைவர் நல்லதா, திறந்த மூல டிரைவர் நல்லதா என்று ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர். "சாதாரண வாசகருக்குப் புரியணும் மேடம். போன தடவை மாதிரி வேண்டாம்" என்றார். போன தடவை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

விஷயம் சிக்கலானதல்ல. ரவுட்டருக்குள் வைஃபை அலைகளை அனுப்பும் சில்லு ஒன்று இருக்கிறது. அதை வேலை வாங்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். சில்லு செய்யும் நிறுவனமே எழுதித் தரும் டிரைவர் மூடி முத்திரையிட்டது. நன்றாகவே ஓடும், ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் நின்றுவிட்டால் ஏன் என்று கேட்க வழியில்லை. அணைத்துவிட்டுப் போட வேண்டியதுதான். இன்னொன்று, உலகின் மூலைமுடுக்குகளில் இருக்கும் ஆர்வலர்கள் சேர்ந்து எழுதுவது. ஒவ்வொரு வரியையும் யாரும் படிக்கலாம், திருத்தலாம். வேகத்தில் சில சமயம் ஒரு படி குறைவு. ஆனால் என்ன செய்கிறோம் என்பதை மூச்சு விடாமல் பதிவு செய்துகொண்டே இருக்கும். டெபாசிட் போனாலும் கட்சி மாறாதவர்களைப் போல நான் பல வருடங்களாக இந்த இரண்டாவது அணியில் இருக்கிறேன்.

சோதனைக்காக ஒரே மாதிரியான இரண்டு ரவுட்டர்களை வாங்கி வாசல் கதவருகே செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன். இணைய வயர் வீட்டுக்குள் நுழையும் இடம் அதுதான். ஒன்றில் நிறுவனம் கொடுத்தது அப்படியே இருந்தது. மற்றதில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் திறந்த மூல நிரலை ஏற்றினேன். என் நாத்தனார் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்று பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு, விஞ்ஞானி?"

விஞ்ஞானி என்பது நான்தான். அதில் மரியாதை எதுவும் கலந்திருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

"வெளியில ஒண்ணுதான்க்கா. உள்ளதான் வேற. இது என்ன செய்யுதுன்னு யார்கிட்டயும் சொல்லாது. அது எல்லாத்தையும் சொல்லிட்டே இருக்கும்."

"அப்படின்னா இது அழுத்தக்காரன். அது வாயாடி." டம்ளரைக் காலி செய்துவிட்டு, "நம்ம வீட்டுல ஏற்கெனவே ரெண்டு அழுத்தக்காரங்க இருக்காங்க. வாயாடி நான் ஒருத்திதான். துணைக்கு ஆள் வந்துச்சு" என்றார்.

என் கணவரும் நானும்தான் அந்த இரண்டு பேர். அவர் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை செய்கிறார். நாள் முழுக்கப் பேசாத வாய்களோடு இருந்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டிலும் அதே பழக்கம். நானும் சளைத்தவளல்ல. நாத்தனார் எங்களோடு வந்து தங்குவதற்கு முன்னால் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்ட சத்தம் கரண்டிச் சத்தம் மட்டும்தான். அதை நாங்கள் ஒத்துப்போதல் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அவர் வந்த முதல் நாளே, "என்னடா தம்பி, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் என் கணவர் சாப்பிடும்போது சிரிப்பார் என்பதே எனக்குத் தெரிந்தது.

நாத்தனார் சைகை மொழிபெயர்ப்பாளர். அவர் வேலை பார்த்த பள்ளி மூடப்பட்டபோது, வேறு வேலை கிடைக்கும் வரை என்று சொல்லி எங்கள் பின்னறைக்கு வந்தார். இப்போது கிடைத்திருந்தது, அல்லது கிடைக்கும்போல இருந்தது. காது கேளாதவர்கள் மருத்துவமனைக்குப் போகும்போது டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவே வீடியோ அழைப்பில் மொழிபெயர்க்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தேர்வு அழைப்பு. அதில் தேறினால் வேலை. வேலை கிடைத்தால் அடுத்த தெருவில் ஒரு மாடி வீட்டைப் பார்த்து வைத்திருந்தார். பால்கனி உள்ள வீடு. அந்தப் பால்கனியைப் பற்றி அவர் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டினேன். நன்றாகத் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் சில நாள் அழுத்தக்காரன்தான் ஓடினான். அவனைக் கழற்றி வாயாடியை மாட்டிய அன்றே பின்னறையில் சிக்னல் படுத்துவிட்டது.

நாத்தனார் ஒரு பழைய தோழியோடு வீடியோவில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். தோழியின் கை நெஞ்சை நோக்கிப் போகும் வழியிலேயே திரையில் உறைந்து நின்றது. குரல் விட்டு விட்டு வந்தால் பாதியை ஊகிக்கலாம். உறைந்த கையை எதுவும் செய்ய முடியாது. நெஞ்சு வலியா, நன்றியா, நானா என்று அந்தக் கை போய்ச் சேரும் வரை யாருக்கும் தெரியாது.

"விஞ்ஞானி! உன் வாயாடிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு."

வந்து பார்த்தேன். எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. எனக்கு எப்போதும் உடனே தெரிந்துவிடும். "சுவருதான்க்கா. இந்தச் சுவர் ரொம்பத் தடிமன்" என்றேன்.

"நேத்து மெலிஞ்சு இருந்துச்சா?"

மறுநாள் குற்றம் இரும்பு பீரோவின் மேல் விழுந்தது. இரும்பு அலைகளைத் தடுக்கும் என்பது அறிவியல். அதில் நான் பொய் சொல்லவில்லை. நானும் கணவரும் அந்த பீரோவை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இழுத்தோம். அது தரையில் போட்ட கோடு இன்றைக்கும் இருக்கிறது. அதன் கண்ணாடி இப்போது கட்டிலை நேராகப் பார்த்தது. "காலையில கண்ணைத் திறந்ததும் நானே என்னைப் பார்த்துக்கணுமா? என்ன பாவம் பண்ணேன்?" என்று கேட்டார் நாத்தனார். சிக்னல் இம்மியும் ஏறவில்லை.

அடுத்து அவருடைய மடிக்கணினி. அதைக் கிழட்டு மாடு என்றேன். அதற்கடுத்து பக்கத்து வீட்டு ரவுட்டர். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்றேன். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போக, கணவர் பீரோமேல் சாய்ந்தபடி, "பழசையே மாட்டிடலாமே" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது.

"அது ஒரு தீர்வில்லை" என்றேன்.

"வேலை செய்யுமே."

"வேலை செய்யறது வேற, தீர்வு வேற."

கணவர் தன் அக்காவைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தார். ஒரே அச்சில் வார்த்த இரண்டு புருவங்கள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அந்தக் குடும்பத்தில் அதுதான் தீர்மானம் நிறைவேறுவது. ஆனாலும் யாரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. இந்த விஷயத்தில் வீட்டில் எனக்கு வீட்டோ அதிகாரம் உண்டு. வைஃபையைப் பற்றித் தெரிந்தவள் என்ற ஒரே தகுதியில் ஒரு சர்வாதிகாரி உருவாகியிருந்தாள்.

அழுத்தக்காரனுக்கு மாற ஒரே ஒரு வயரைப் பிடுங்கி அடுத்த பெட்டியில் செருகினால் போதும். செருப்பு மாட்டும் நேரம்கூட ஆகாது. நான் அதைச் செய்யவில்லை. கட்டுரைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கொள்கை என்றும் சொல்லிக்கொண்டேன். கொள்கை என்ற சொல் வந்துவிட்டால் எனக்குள் விசாரணை அத்தோடு முடிந்துவிடும்.

வியாழக்கிழமை மாலை இன்னும் சில அமைப்புகளை மாற்றினேன். கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து என் மடிக்கணினியில் சோதித்தேன். அருமையாக இருந்தது. "சரியாயிடுச்சுக்கா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். ரவுட்டரிலிருந்து கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து சோதித்துவிட்டு, பின்னறைக்கு உத்தரவாதம் கொடுத்தேன். பின்னறை வரை எழுந்து போகத் தோன்றவே இல்லை. தோன்றவில்லையா, தோன்றியும் போகவில்லையா என்பதைப் பிறகு நிறைய யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நாத்தனார் அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு, கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அழைப்பில் சேர்ந்தார். கதவு சாத்தியிருந்தது. வணக்கம் சொல்லும் குரல் கேட்டது. அப்புறம், "ஹலோ? தெரியுதுங்களா? இப்பத் தெரியுதா?" அந்தக் குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒன்று இருந்தது. நாத்தனார் கெஞ்சிக்கொண்டிருந்தார். எல்லாரையும் கேலி செய்யும் அந்தக் குரல், "ஒரே ஒரு நிமிஷம் கொடுங்க மேடம், ப்ளீஸ்" என்றது.

கதவு திறந்தது. திறந்த மடிக்கணினியைத் தட்டில் வைத்த விளக்கைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னைக் கடந்து போனார். என்னைப் பார்க்கவில்லை. வாசல் கதவருகே இருந்த முக்காலியில் கணினியை வைத்து, ரவுட்டருக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்தார். திரையில் படம் பளிச்சென்று வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் செருப்புகள், குடைகள், கிழிந்த ஒரு கித்தான் பை.

"பின்புலம் ஒரே நிறமா இருக்கணும்" என்றது திரையிலிருந்த தேர்வாளரின் குரல்.

"இதோ மேடம்." திரும்பாமலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம்: "போர்வை. நீல நிறம். ஓடு."

ஓடினேன். நீலப் போர்வையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு செருப்பு ஸ்டாண்டுக்கும் அவருக்கும் நடுவே நின்றேன். வயர்லெஸ் தொழில்நுட்பத்தில் இத்தனை வருட அனுபவம் உள்ள ஒருத்தி, கடைசியில் துணி காயப்போடும் கம்பமானாள்.

அழைப்பு ஒரு நாடகம்தான். தேர்வாளர் டாக்டராக நடித்தார்; நோயாளியாகக் காது கேளாத ஒரு பெண் நடித்தார். டாக்டர் கேட்பதை நாத்தனார் கைகளால் சொல்ல வேண்டும். அந்தப் பெண் கைகளால் சொல்வதைக் குரலால் சொல்ல வேண்டும். எனக்குப் போர்வை மட்டும்தான் தெரிந்தது. நான் கவனித்ததெல்லாம் நாத்தனாரின் குரலைத்தான். மொழிபெயர்ப்பவர்கள் 'அவங்க சொல்றாங்க' என்று சொல்வதில்லை. 'நான்' என்றுதான் சொல்வார்கள். ஏன் என்று முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அவங்க சொல்றாங்கன்னு சொன்னா நடுவுல நான் வந்து குந்திக்குவேன். நடுவுல ஆள் இருக்கறதே தெரியக் கூடாது" என்றார்.

"எனக்கு கொஞ்ச நாளா தூக்கம் வரல டாக்டர்" என்றது அவர் குரல் போர்வைக்கு அந்தப் பக்கம். "நெஞ்சுல ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு."

அவர் டாக்டரின் கேள்வியைக் கைகளால் சொல்லும் நேரத்து அமைதி. சட்டைக் கை உரசும் சத்தம்.

"இல்ல, வீட்டுல சொல்லல. நான் சொன்னா அவங்க எனக்காக எல்லாத்தையும் மாத்திக்குவாங்க. நான் பாரமா இருக்கேன்னு தோணும். அதனால நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு இருக்கேன்."

இவை யாரோ எழுதிக் கொடுத்த வசனங்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குரலில் 'நான்' என்ற சொல்லைக் கேட்கக் கேட்க போர்வை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கை வலியால்தான் என்று முதலில் நினைத்தேன்.

அப்போது என் கணவர் வேலைக்குக் கிளம்பி வந்தார். அவருடைய ஷூ எனக்குப் பின்னால் இருந்தது. நிலைமையைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் தரையில் இறங்கி, திரையில் தலை தெரியாமல், சுவரோரமாகத் தவழ்ந்து வந்தார். பல் கூடத்துப் பொடி படிந்த ஷூவை என் காலுக்கு நடுவிலிருந்து உருவிக்கொண்டு, அதே வழியில் பின்னோக்கித் தவழ்ந்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. போர்வை குலுங்கியது.

"பின்னாடி காத்தடிக்குதா?" என்றார் தேர்வாளர்.

"ஆமா மேடம். கெட்ட காத்து. இப்ப நின்னுடும்." பின்னோக்கி நீண்ட ஒரு கால் என் கணுக்காலில் சரியாக உதைத்தது. காற்று நின்றது.

அழைப்பு முடிந்தது. முடிவு மாலையில் தெரியும் என்றார்கள். நாத்தனார் எழுந்து, கணினியை மூடி, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பின்னறைக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வாயாடி பேசாமல் போனால் வீடு எப்படி இருக்கும் என்பது ஒரு சாத்திய கதவிலேயே தெரிந்துவிட்டது.

வேறு எதுவும் செய்யத் தெரியாததால் ரவுட்டரின் பதிவுகளைத் திறந்தேன். குற்றவாளியைக் கண்டுபிடித்து அவர் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது நோக்கம். கண்டுபிடித்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. முதல் நாளிலிருந்து ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: நாடு குறிப்பிடப்படவில்லை. நாடு குறிப்பிடப்படவில்லை.

வைஃபை எந்த அலைவரிசையில், எவ்வளவு உரக்கப் பேசலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் விதி உண்டு. நிறுவனத்தின் டிரைவரில் நாட்டைத் தொழிற்சாலையிலேயே பதித்து விடுவார்கள். திறந்த மூல டிரைவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், உலகத்தில் எங்கேயும் தப்பாகிவிடாத அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எல்லா இடத்திலும் அனுமதிக்கப்பட்ட சில அலைவரிசைகளில் மட்டும் மெதுவாகப் பேசும். புகுந்த வீட்டில் முதல் வாரம் நான் பேசியதைப் போல. கூடத்துக்குக் கேட்கும், பின்னறைக்குக் கேட்காது.

நாட்டைக் குறிக்கும் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். வாயாடி நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பதிவுகள் இருப்பதால்தான் திறந்த மூலம் உயர்ந்தது என்று வருடக்கணக்காக எழுதி வந்தவள், அந்தப் பதிவுகளைத் திறந்து படிக்கவில்லை. நம் நாட்டுக்குரிய இரண்டு எழுத்துகளை இட்டுச் சேமித்தேன். பின்னறைக் கதவுக்கு வெளியே போய் நின்று பார்த்தேன். சிக்னல் முழுசாக வந்தது.

இதை யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். வீட்டில் அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது திறந்த மூலத்தின் பெருமை. யாருமே படிக்க மாட்டார்கள் என்பது அதன் வசதி. அந்த வசதி எனக்கு நன்றாகவே பொருந்தியது. ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தட்டினேன்.

கட்டிலில் உட்கார்ந்து, பீரோக் கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். முழுவதையும் சொன்னேன். வழக்கம்போல அலைவரிசையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"சுருக்கமா சொல்லு. சுவர் மேல தப்பா?"

"இல்லக்கா."

"பீரோ?"

"இல்ல."

"என் லேப்டாப்பைக் கிழட்டு மாடுன்னியே."

"அது நல்லாத்தான் இருக்கு."

"பக்கத்து வீட்டுக்காரன்?"

"அவங்க மேலயும் தப்பில்ல."

"அப்ப தம்பி வந்ததும் ரெண்டு பேருமா பீரோவைப் பழைய இடத்துல வைங்க." கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தார். அதில் நானும் தெரிந்தேன். "மறந்தது போகட்டும். மனுஷங்க மறக்கறதுதான். பழசை ஏன் மாட்டல?"

"கட்டுரைக்கு..."

"கட்டுரையை மூட்டை கட்டு. ஏன் மாட்டல?"

கட்டுரையில் எழுதாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. திறந்த மூல டிரைவரிலும் எல்லாம் திறந்திருப்பதில்லை. ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டே உள்ளே போனால், அடியில் ஒரு சின்னப் பொட்டலம் வரும். சில்லு செய்தவர்கள் கட்டிக் கொடுத்தது. அதை அப்படியே எடுத்துச் சில்லுக்குள் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று டிரைவருக்கே தெரியாது. எங்கள் அணியில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாத்தனார் கேட்டபோது நான் வரிவரியாக உள்ளே போனேன். கட்டுரை, கொள்கை, வீம்பு. அதற்கும் அடியில் பொட்டலம்.

"தெரியலக்கா" என்றேன். உண்மை அதுதான். பிறகு, "அந்த பால்கனி வீடு எனக்குப் பிடிக்கல" என்றேன்.

"நீ அதைப் பாக்கவே இல்லையே."

"பாக்காமலே பிடிக்கல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அழுத்தக்காரி" என்றார். அதில் திட்டு பாதிதான் இருந்தது.

மாலையில் வேலை கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. மொழிபெயர்ப்பைப் பாராட்டியவர்கள், வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும்படி அறிவுரையும் சொல்லியிருந்தார்கள்.

மாதம் முடிவதற்குள் நாத்தனார் குடிபோனார். எந்த ரவுட்டர் வேண்டும் என்று கேட்டேன். கட்டுரைக்காரிக்கே உரிய நப்பாசையோடு வாயாடியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன்.

"அழுத்தக்காரனைக் கொடு. எனக்கு வேலை ஓடினா போதும். வாயாடி இங்கேயே இருக்கட்டும். நான் போயிட்டா இந்த வீட்டுல பேசறதுக்கு யார் இருக்கா?"

கட்டுரையின் கடைசி வரியை அடித்துவிட்டு, வீட்டைப் பொறுத்தது என்று எழுதி அனுப்பினேன். இப்போதுதான் புரிகிற மாதிரி இருக்கிறது என்றார் ஆசிரியர்.

அடுத்த தெருவில் அழுத்தக்காரன் நன்றாகவே வேலை செய்கிறான். வாரம் முழுக்க டாக்டர்களும் நோயாளிகளும் அவன் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு கைகூட உறைவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் நின்றுவிடுகிறான். தொலைபேசி வரும். "விஞ்ஞானி, உன் அழுத்தக்காரன் மூச்சு விடல. வந்து பாரு. வரும்போது அந்த இன்னொரு அழுத்தக்காரனையும் கூட்டிட்டு வா."

இரண்டு பேரும் போகிறோம். நான் வயரைப் பிடுங்கி, முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு கொஞ்சம் காத்திருந்து, மறுபடி செருகுகிறேன். நாத்தனார் பால்கனியில் மூன்று தட்டுகளை எடுத்து வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது ஏன் நிற்கிறது என்று பார்க்க வழியில்லை. அதில்தான் பதிவு எதுவும் கிடையாதே.